டயல்-அப் நெட்டில் ஆளை அடையாளம் காண போன் நம்பரே போதுமா?

மோடம்மணி:
போன் லைனில் மோடத்தை மாட்டி டயல் செய்து நெட் பார்த்த காலத்தில் வந்த பிஎஸ்என்எல்லின் நெட்ஒன் ஞாபகம் இருக்கிறதா? கணக்கு திறக்க வேண்டாம். வீட்டு லேண்ட்லைனிலிருந்து டயல் செய்தால் எந்த நம்பர் அழைக்கிறது என்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சே சொல்லிவிடும். காசு டெலிபோன் பில்லில் ஏறும். ஓடிபிக்காக அல்லாடும் இந்தக் காலத்தில் அதுதான் நல்ல ஏற்பாடு என்பேன்.

கலா_திருச்சி:
எங்கள் வீட்டில் இருந்தது வேறு இணைப்பு, பெயர் வேண்டாம், முறை இதேதான். மாடி போர்ஷனுக்கு பேரலல் போன், அதாவது அதே லைனில் இன்னொரு போன், கொடுத்திருந்தோம். ராத்திரி 11 மணிக்கு மேல் மாடிப் பையன் நெட்டில் உட்காருவான், பில் எங்களுக்கு. அப்பா திட்டியது என்னை. நம்பர் வயரைக் காட்டும், ஆளையா காட்டும்?

மோடம்மணி:
பேரலல் கொடுத்தது உங்கள் தப்பு. பாஸ்வேர்டு மட்டும் என்ன வாழ்ந்தது? ஒருவர் வாங்கிய கணக்கில் தெருவே நெட் பார்த்த காலம் அது.

ரேடியஸ்ராஜா:
டயல்-அப் சர்வர் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம்பரை மோடம் கண்டுபிடிப்பதில்லை. சர்வருக்கு வரும் ஐஎஸ்டிஎன் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் போன் லைனில் அது தனி சிக்னலாக வரும். கூடவே ஒரு குறிப்பும் உண்டு: எக்ஸ்சேஞ்சே போட்ட நம்பரா, அழைப்பவர் கொடுத்ததா, கொடுத்ததைச் சரிபார்த்தார்களா என்று. பிஆர்ஐ லைன் வைத்திருக்கும் ஆபீஸ் பிபிஎக்ஸ், அதாவது ஆபீஸின் சொந்த குட்டி எக்ஸ்சேஞ்ச், தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பரை அனுப்பலாம். எக்ஸ்சேஞ்ச் கண்டுகொள்ளாவிட்டால் அது அப்படியே வந்து சேரும். யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வருக்குப் போகும்போதோ, அழைப்பவர் நம்பருக்கென்று உள்ள 31ஆம் பண்பில் வெறும் நம்பர்தான் இருக்கும், அந்தக் குறிப்புக்கு அதில் இடமில்லை. அதனால்தான் நான் நம்பரையும் பாஸ்வேர்டையும் சேர்த்தே பார்ப்பேன். வீடு மாறியவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள், அது வேறு கதை.

மோடம்மணி:
சரி, பிபிஎக்ஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சாதாரண வீட்டில் யார் பிஆர்ஐ வைத்திருந்தார்கள்?

கலா_திருச்சி:
பிஆர்ஐ எதற்கு? தெருமுனையில் டிபி பெட்டி, அதுதான் வீடுகளுக்கு போன் வயர் பிரியும் பெட்டி, மூடியில்லாமல் தொங்கும். அடுத்தவர் லைனில் மாட்ட இரண்டு கிளிப் போதும்.

மோடம்மணி:
கிளிப்பை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரோடு நடுத்தெருவில் உட்காருவானா?

கலா_திருச்சி:
எங்கள் தெரு டிபி பெட்டி பேச்சிலர் மேன்ஷன் சுவரில் இருந்தது. ஜன்னலிலிருந்து கை எட்டும்.