அக்யூரசி, பிரிசிஷன்: ரெக்கார்டில் எதை எழுதுவது?

கேள்வி:
டைட்ரேஷனில் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறியும் சோதனை) மூன்று முறையும் 10.4 மி.லி. வந்தது. இதை அக்யூரேட் என்று எழுதலாமா, பிரிசைஸ் என்றா? அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் துல்லியம் என்றே போட்டிருக்கிறது.

பதில் 1:
பிரிசைஸ் என்று தாராளமாக எழுதுங்கள். அக்யூரேட் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. மூன்று அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான் தெரிகிறது. பியூரெட்டில், அதாவது சொட்டுவிடும் அளவுக்குழாயில், ஊற்றிய கரைசலின் செறிவே பிசகியிருந்தால் மூன்று முறையும் ஒரே மாதிரித் தப்பாகத்தான் வரும். செறிவு உறுதியாகத் தெரிந்த ஒரு கரைசலை எடுத்து இதே முறையில் செய்து பாருங்கள். வர வேண்டிய விடை வந்தால் அப்புறம் அக்யூரசியைப் பற்றிப் பேசலாம்.

நான் தராசுகளை காலிபரேட் செய்கிறவன், அதாவது சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கிறவன். 1 கிலோ எடைக்கல்லை எத்தனை தடவை வைத்தாலும் 1.020 காட்டும் தராசு பிரிசைஸ், ஆனால் அக்யூரேட் இல்லை. இன்னொன்று 0.985, 1.014, 0.998, 1.003 என்று காட்டுகிறது. சராசரி எடுத்தால் சரியாக 1.000. அதற்காக அதை அக்யூரேட் என்று பலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஒரே ஒரு தடவை நிறுப்பவருக்குச் சராசரியால் என்ன பயன்? அளவீட்டு முறைகளுக்காக 1994-இல் வந்த ஐஎஸ்ஓ 5725 என்ற சர்வதேசத் தரமும் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: சராசரி உண்மை மதிப்புக்குப் பக்கத்தில் இருப்பது ட்ரூனெஸ், அளவுகள் சிதறாமல் இருப்பது பிரிசிஷன், இரண்டும் சேர்ந்தால்தான் அக்யூரசி.

என்னிடம் கேட்டால் முதல் தராசே தேவலை. எப்போதும் ஒரே பக்கம் விலகுவதால் திருத்திவிடலாம். சிதறுகிற தராசில் அதிர்வா, காற்றா, தட்டு எங்காவது உரசுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

பதில் 2:
தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதையும் பிரிசிஷன் என்பார்கள். பையின் மதிப்பை 3.1587 என்று எழுதினால் அது 3.14-ஐ விடப் பிரிசைஸ். ஆனால் உண்மைக்கு அருகில் இருப்பது 3.14தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, புரிந்தது. கணினி தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங்கிலும் இதே அர்த்தம்தானா?

பதில் 1:
இல்லை, அங்கே கணக்கே வேறு. 1000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் "நோய் இல்லை" என்று சொல்லும் மாடலுக்குக்கூட (கணித்துச் சொல்லும் நிரல்) அக்யூரசி, அதாவது சரியாகச் சொன்ன விடைகளின் விகிதம், 99 சதவீதம் வந்துவிடும். பிரிசிஷன் என்பது, நோய் உண்டு என்று மாடல் காட்டியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே உண்டு என்ற விகிதம். இந்த மாடல் யாரையுமே காட்டவில்லை, அதனால் அதைக் கணக்கிடவே வழியில்லை.