டட்சன் 1200: குவாட்டர் பெனல் மாற்றும்போது இடைவெளியை எங்கிருந்து பிடிப்பது?

உப்புவெளிக்காரன்

வணக்கம். என்னிடம் ஒரு டட்சன் 1200 இருக்கிறது. நாலு கதவு, ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர், அப்பா வாங்கியது. எஞ்சினில் குறை இல்லை, அந்த ஏ12 எஞ்சின் லேசில் சாகாது. பிரச்சினை தகரம்தான். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடல் கூப்பிடு தூரம், பின் வீல் ஆர்ச்சையும் டிக்கி மூலையையும் இரண்டு பக்கமும் கறள் தின்றுவிட்டது. இடது பக்கம் பள்ளம் நிரப்பிய பழைய பட்டியைச் சுரண்டினால் விரல் உள்ளே போகிறது. உடைத்து விற்ற ஒரு காரிலிருந்து இரண்டு குவாட்டர் பெனலையும், அதாவது பின் கதவிலிருந்து டிக்கிவரை வரும் பக்கத் தகரத்தை, வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், ஓரளவு நல்ல தகரம்.

ஒரு கராஜில் கேட்டேன். பழையதை வெட்டி எறிந்துவிட்டு இதை வெல்டிங்கில் ஒட்டலாம், கதவு பொருந்தாவிட்டால் பிணைச்சலைத் தட்டிச் சரிசெய்யலாம், மிச்சத்தைப் பட்டி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போதே இடது பின் கதவின் இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்து நிற்கிறது, கொஞ்சம் தூக்கித்தான் பூட்ட வேண்டும். பெனலைக் கதவுக்குப் பொருத்துவதா, டிக்கிக்குப் பொருத்துவதா? எதை முதலில் பிடிப்பது?

பழைய டிங்கர்

தம்பி, வெட்டும் கதை பிறகு. முதலில் அந்த இடது கதவு ஏன் அப்படி நிற்கிறது என்று பார். குவாட்டர் பெனலுக்கு அளவு கதவுதான். கதவு தப்பான இடத்தில் தொங்கினால் அதைப் பார்த்து ஒட்டிய பெனலும் தப்பான இடத்தில்தான் நிற்கும். பின்னொரு நாள் பிணைச்சலுக்குப் புதுப் பின் (நடுவில் போகும் ஆணி) போட்டதும் இடைவெளி எல்லாம் கலைந்துவிடும், அப்போது பெனலை அசைக்க முடியாது.

நீ சொல்லும் அறிகுறி இரண்டு காரணத்தால் வரும். பிணைச்சல் தேய்ந்து கதவின் வால் கீழே தொங்கலாம். இல்லையென்றால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி உள்ளே கறள் பிடித்து, நடுத்தூண் இறங்கியிருக்கலாம். கதவைப் பாதி திறந்து பூட்டுப் பக்கத்தைக் கையால் தூக்கிப் பார், பிணைச்சலில் ஆட்டம் இருந்தால் உடனே தெரியும். ஆட்டம் இல்லையா, சரி, கதவைப் பூட்டிவிட்டு சில் பெட்டியின் நடுவில் ஒரு பலகைத் துண்டு வைத்து ஜக்கை மெல்ல ஏற்று. டயர் தரையை விட்டு எழும்பும் முன்பே இடைவெளி மாறத் தொடங்கினால் நோய் சில் பெட்டியில் இருக்கிறது. அப்படியென்றால் குவாட்டர் பெனலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முதலில் சில் பெட்டியைப் பார்.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் வெட்டு. கார் சமதரையில் தன் டயரிலேயே நிற்கட்டும். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்டாண்டை அச்சுக்குக் கீழே கொடு, நடு உடம்பில் கொடுத்தால் கூடு வளையும், நீ பிடிக்கும் இடைவெளி காரை இறக்கியதும் வேறாகிவிடும். ஒரு அங்குலச் சதுரக் குழாயால் கதவு வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் குறுக்கே முட்டுக் கொடு. குழாய் உள்பக்கமாக இருக்க வேண்டும், கதவு பூட்டுப்பட வேண்டும். வாசலுக்கு நடுவே குழாயை ஒட்டிவிட்டுக் கதவைப் போட்டுப் பார்க்க வழியில்லாமல் நின்ற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். டிக்கி வாசலுக்கும் பின் கண்ணாடி வாசலுக்கும் மூலைக்கு மூலை நாடா பிடித்து எழுதி வை, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டாதே. ஒரு பக்கம் ஒட்டி முடியும்வரை மற்றப் பக்கம்தான் உனக்குச் சாட்சி.

கிண்ணியாப் பாலம்

பெரியவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் முழு பெனலும் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கறள் வீல் ஆர்ச்சிலும் கீழ் மூலையிலும்தானே? மேலே கூரைத்தூணோடு சேரும் இடம், பின் கண்ணாடி ஓரம், டிக்கி ஓரம் எல்லாம் கம்பனி ஒட்டியபடியே நல்லாக இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். கதவிலிருந்து பின்னே ஓடும் பக்கக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வெட்டிக் கீழ்ப்பாதியை மட்டும் மாற்றினால் டிக்கி இடைவெளி பற்றிய தலையிடி பாதி போய்விடும்.

ஒட்டும்போது ஓரத்துக்கு ஓரம் முட்ட வைத்து ஒட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவது சுலபம், ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் அந்த இரண்டு தகரத்துக்கு நடுவில் ஈரம் நின்று மறுபடி அதே இடம் பொத்துப் போகும். மிக் வெல்டிங் (கம்பி தானாக ஓடிவரும் கரண்ட் வெல்டிங்), 0.6 மில்லிமீற்றர் கம்பி, பொட்டுப் பொட்டாக. ஒரு பொட்டு இங்கே வைத்தால் அடுத்தது ஒரு சாண் தள்ளி, கை வைக்கக்கூடிய சூடு ஆனபிறகு மறுபடி வந்து நடுவை நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் தகரம் சுருங்கி வயிறு விழும். காஸ் வெல்டிங் என்றால் இன்னும் மோசம், அதன்பிறகு நேராக்க நல்ல கைக்காரர் வேண்டும்.

உப்புவெளிக்காரன்

இருவருக்கும் நன்றி. கதவைத் தூக்கிப் பார்த்தேன் அண்ணா, மேல் பிணைச்சலில் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. ஜக் வைத்துப் பார்த்ததில் இடைவெளி அசையவில்லை, ஆக சில் பெட்டி தப்பியது. கிண்ணியா நானா, வலது பக்கத்துக்கு நீங்கள் சொன்ன மாதிரி கீழ்ப்பாதி போதும் போலிருக்கிறது. இடது பக்கம் முன்பு எங்கோ அடிபட்டு, டிக்கி ஓரம்வரை பட்டியால் பூசியிருக்கிறார்கள், அங்கே முழுவதும்தான். முழு பெனலை எந்த ஒழுங்கில் பிடிப்பது?

பழைய டிங்கர்

அடிபட்ட பக்கம் என்றால் முழுவதும் மாற்றுவதுதான் சரி. நான் முதலில் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள், அடிபட்ட பக்கம் இது என்பதால் வலதை இப்போது தொடாதே, அளவு எல்லாம் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

பிணைச்சல் பின்னை மாற்றிக் கதவை முன் கதவுக்கும் சில் பெட்டிக்கும் பார்த்து நிறுத்து. பழைய பெனலில் ஸ்பொட் வெல்டிங் பொட்டுகளை ட்ரில்லால் எடுத்தால் உள் ஓரம் முழுசாக மிஞ்சும், கட்டரால் இழுத்தால் அதுவும் சேர்ந்து போகும். புது பெனலை கிரிப் பிளையராலும் தகர ஸ்க்ரூவாலும் மட்டும் பிடி. கதவில் ஓடும் கோடு பெனலில் உடையாமல் தொடர வேண்டும், முதலில் அது. அடுத்தது கதவு இடைவெளி, 4 முதல் 5 மில்லிமீற்றர், அந்தத் தடிப்பில் ஒரு பலகைச் சீவலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார். பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு ஓரத்திலும் ஏறும், அதனால் இறுக்கிப் பிடிக்காதே. பெனலின் முன் ஓரம் கதவைவிட நூலளவு உள்ளே இருந்தால் பரவாயில்லை, வெளியே நின்றால் காற்று இரையும். அப்புறம்தான் டிக்கி மூடி, பின் லைட், பம்பர். புது ரப்பரைக் கதவுக்கும் டிக்கிக்கும் போட்டுப் பூட்டிப் பார்க்காமல் ஒரு பொட்டும் வைக்காதே. புது ரப்பர் கதவை வெளியே தள்ளும், பழைய நசுங்கிய ரப்பரோடு பிடித்த அளவு பொய் அளவு.

டட்சன் புதிதாக வந்தபோதே இடைவெளி எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கவில்லை, இப்போதைய கார்களைப் பார்த்து ஆசைப்படாதே.

சீனக்குடா

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை: மாரிக்கு முன் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெறும் தகரத்தை இரவு விட்டால் காலையில் செம்மஞ்சள். கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதங்கள்தான் இதற்குத் தோது, பட்டியும் பிரைமரும் நன்றாகக் காயும், தூசிதான் தொல்லை. பெனலை மூடும் முன் உள் வீல் ஆர்ச்சுக்கு பிரைமர், ஒட்டுகளுக்கு சீலர், எல்லாம் பெயின்ட் ஆனபிறகு உள்ளுக்கு மெழுகு அடியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளைப் பட்டியால் அடைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கார்கள் பலவற்றில் கறள் தொடங்குவதே அங்கேதான். கல்வனைஸ் தகரத்தில் ஒட்டுப் போட்டால் ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சைச் சுரண்டிவிட்டு, வெளிக்காற்றில் நின்று செய்யச் சொல்லுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

கிண்ணியாப் பாலம்

பற்றரி வயரையும் கழற்றுங்கள். பெற்றோல் டாங்க்கைக் காரிலிருந்து இறக்காமல் பின்பக்கத்தில் வெல்டிங் தொடங்க விடாதீர்கள். "டாங்க் காலிதானே" என்று கராஜில் சொல்வார்கள், காலி டாங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

உப்புவெளிக்காரன்

டாங்க்கை இந்தக் கிழமையே இறக்குகிறேன் நானா. பிணைச்சல் பின் இங்கே கடையில் கிடைக்கவில்லை, லேத்தில் கடைந்து வாங்கலாமா அண்ணா?

பழைய டிங்கர்

தாராளமாக. பழைய பின்னை மட்டும் கொடுக்காதே, அது தேய்ந்த அளவைத்தான் கடைவார்கள். பிணைச்சலையும் கழற்றிக் கொண்டுபோ, ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் ஓட்டைக்குள் இறுக்கும் புஷ்சும் போட வேண்டிவரும்.