ஒரு நாள் வானொலியும் மரண அறிவித்தலும்

கடலோரன் (வெள்ளவத்தை):
போன போயா (பௌர்ணமி) லீவில் ஃபோனில் பி.பி.சி. ரேடியோ 4 போட்டு நாள் முழுக்கக் கேட்டேன். லண்டனில் காலை ஆறு மணி, இங்கே பத்தரை. 'டுடே' என்ற செய்தி நிகழ்ச்சி. மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தால் பெண்கள் நிகழ்ச்சி. பொழுதுபட நாடகம். இரவு பதினொன்றரைக்கு, 1951 முதல் ஓடும் 'ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்துத் தொடர். விடிய எழும்பினால் பிரிட்டனைச் சுற்றியுள்ள 31 கடற்பகுதிகளுக்குக் காற்றும் மழையும் வாசிக்கிறார்கள். இதுதான் தேசிய வானொலி. எங்கள் இலங்கை வானொலியில் என்ன இருந்தது? சினிமாப் பாட்டும் மரண அறிவித்தலும்.

பழைய டிரான்சிஸ்டர் (கொட்டாஞ்சேனை):
தம்பி, உங்கள் வயது எனக்குத் தெரியாது. வானொலி நாடகக் கலைஞர் சானாவின் 'லண்டன் கந்தையா' நாடகத்துக்கு ஊரே ரேடியோப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தது. கர்நாடக சங்கீதக் கச்சேரி, சிறுவர் நிகழ்ச்சி, முஸ்லிம் நிகழ்ச்சி, கல்விச் சேவை எல்லாம் எங்களிடமும் இருந்தன. அதை விடுங்கள். மரண அறிவித்தலை ஏன் இளக்காரமாகச் சொல்கிறீர்கள்? அதுவும் ஒரு நிகழ்ச்சிதான்.

கடலோரன்:
காசு கட்டிக் கொடுப்பது விளம்பரம். சவர்க்கார விளம்பரத்தை யாரும் நிகழ்ச்சி என்று சொல்வதில்லை.

தெஹிவளை அக்கா:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இலங்கை வானொலியில் தேசிய சேவை வேறு, விளம்பரம் போடும் வர்த்தக சேவை வேறு. எதைப் பற்றிக் கதைக்கிறீர்கள்?

பழைய டிரான்சிஸ்டர்:
சவர்க்காரமா? எங்கள் வீட்டில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருப்பா. 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கியதும் அகப்பை அப்படியே நின்றுவிடும். 'அன்னார்' என்ற சொல் வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. 'பூதவுடல் கனத்தை மயானத்தில்' என்று நேரம் சொன்னதும் அப்பா காலண்டரில் பென்சிலால் எழுதுவார். தெரியாத ஆள் என்றாலும் அம்மா 'பாவம், மூன்று பெண்பிள்ளைகள்' என்பா. எந்த விளம்பரத்துக்கு அம்மா அப்படிச் சொன்னா? நிகழ்ச்சிதான்.

மருதானை நானா:
டிரான்சிஸ்டர் அண்ணன் சொல்வது சரி. நோன்பு முடியப்போகும் இரவில் பெரிய பள்ளிவாசலில் பிறை முடிவு எடுத்து ரேடியோவில் சொல்லும்வரை எங்கள் தெருவில் ஒருவரும் படுப்பதில்லை. அதுவும் அறிவித்தல்தான். அதற்காகக் காத்திருந்த சனத்திடம் போய் அது நிகழ்ச்சியில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கடலோரன்:
பிறைக்கு யாரும் காசு கட்டவில்லை. நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள் நானா.

மருதானை நானா:
நான் உங்கள் பக்கம் இல்லை.

பழைய டிரான்சிஸ்டர்:
கடல் காற்று வாசித்தால் உங்களுக்கு நிகழ்ச்சி. உங்களிடம் வள்ளம் இருக்கிறதா? வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் நிலவரத்தைக் கேட்டு உருகுகிறீர்கள். எங்கள் சனத்தின் சாவுச் செய்தி மட்டும் விளம்பரமா? வெள்ளைக்காரன் வாசித்தால் உயர்வு, எங்கள் ஆள் வாசித்தால் மட்டம். எங்கள் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைக் கேட்டிருந்தால் இப்படி எழுதமாட்டீர்கள். ஆசியாவின் முதல் வானொலி எங்கள் இலங்கை வானொலி.

கடலோரன்:
முதல் இல்லை. பம்பாயில் ரேடியோ கிளப் 1923இலேயே ஒலிபரப்பியது. கொழும்பில் தொடங்கியது 1925 டிசம்பர் 16. பெருமை பேசும்போது ஆண்டைச் சரியாகப் பேசுங்கள்.

பழைய டிரான்சிஸ்டர்:
கிளப் வேறு, அரசாங்க வானொலி வேறு.

கடலோரன்:
அப்போ விளம்பரம் வேறு, நிகழ்ச்சி வேறு என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளை அக்கா:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ரேடியோ 4 பேச்சுக்கென்றே உள்ளது. எங்கள் வர்த்தக சேவை பாட்டுக்காக இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் சண்டை முடியாது.

பழைய டிரான்சிஸ்டர்:
தங்கச்சி, நான் தராசைப் பற்றிப் பேசவில்லை. மரியாதையைப் பற்றிப் பேசுகிறேன். என் சித்தப்பா தவறியபோது ஒரு தனியார் எஃப்.எம்.மில் அறிவித்தல் கொடுத்தோம். வாசித்த பிள்ளை அவருடைய ஊர்ப் பெயரையே பிழையாகச் சொன்னது. அடுத்த விநாடி குத்துப்பாட்டு. சித்தி ரேடியோவை நிறுத்திவிட்டு உள்ளே போனவ, வெளியே வரவே இல்லை. பழைய அறிவிப்பாளர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு, எழுதி, ஒருமுறை சொல்லிப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். அவ்வளவு உழைப்புப் போட்டது நிகழ்ச்சி இல்லையென்றால் வேறு எது நிகழ்ச்சி?

கடலோரன்:
சித்தப்பாவுக்கு நடந்தது வருத்தம்தான் அண்ணன். ஆனால் நன்றாக வாசித்த விளம்பரமும் விளம்பரம்தான். போன வருடம் தமிழ்ப் பத்திரிகை பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் வீட்டுக்கதையைக் கொண்டுவந்து ஆளின் வாயை அடைத்தீர்கள்.

பழைய டிரான்சிஸ்டர்:
அந்த விவாதத்தில் நான் சொன்னதும் சரி. வேண்டுமென்றால் அதையும் திறப்போம்.

மருதானை நானா:
முதலில் பிறைக்குப் பதில் சொல்லிவிட்டுத் திறவுங்கள்.

கடலோரன்:
பிறைக்குக் காசு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பழைய டிரான்சிஸ்டர்:
காசு, காசு, காசு. அகப்பை நின்றது காசுக்காகவா?