கல்குவாரி கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன பேச வேண்டும்?

ரப்பர்விளை:

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் தாலுகாவில் மலையடிவாரம். ஏற்கெனவே ரெண்டு கல்குவாரி ஓடுகிறது. இப்போது மூன்றாவதாக ஒன்று வரப்போகிறது, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். புதுக் குவாரி 3 ஹெக்டேர்கூட இல்லை. இருக்கிற ரெண்டிலேயே வெடி வைக்கும்போது அடுக்களையில் பாத்திரம் கிடுகிடுக்கிறது. விளையில் (ரப்பர்த் தோட்டத்தில்) பால் எடுக்கப் போனால் சிரட்டையில் பாலுக்கு மேல் வெள்ளைத் தூசி படிந்து கிடக்கிறது, ஷீட்டைக் கடையில் தரம் குறைத்துத்தான் எடுக்கிறார்கள். கூட்டத்துக்குப் போய் ஏதாவது பலன் உண்டா? எல்லாம் முடிவு பண்ணிவிட்டு ஒப்புக்கு நடத்துவதாகச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அருமனைக்காரன்:

கண்டிப்பாகப் போங்கள். எங்கள் பக்கம் ஒரு கூட்டத்தில் ஊரே திரண்டு போய் "வேண்டாம், வேண்டாம்" என்று சத்தம் போட்டோம். அப்படியும் அனுமதி கிடைத்துவிட்டது. இப்போது 20 நாள் அவகாசம்தான் தருகிறார்களாம், சீக்கிரம் ஆட்களைச் சேருங்கள்.

நிலஅளவர்:

தம்பி, வருவாய்த் துறையில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாவட்டத்துப் புலப்படங்களோடுதான் (சர்வே எண் வாரியான நில வரைபடங்கள்) என் உத்தியோக காலம் போனது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவகாசம். 20 நாள் என்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு பற்றி 2020-ல் வந்த வரைவு அறிவிக்கையில் இருந்தது. அது சட்டமாகவில்லை. 2006 அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் தர வேண்டும். விளம்பரம் வந்த தேதியையும் கூட்டத் தேதியையும் பாருங்கள்.

அடுத்தது, கூட்டம் எதற்கு என்பது. அது ஓட்டெடுப்பு இல்லை. கலெக்டரோ அவர் சார்பில் வருகிற அதிகாரியோ அங்கே முடிவு எதுவும் சொல்ல மாட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், பேசுவதை வீடியோ எடுக்கும், நடவடிக்கைக் குறிப்பு எழுதும். அந்தக் குறிப்புதான் சென்னையில் இருக்கிற, அனுமதி தரலாமா என்று பரிசீலிக்கிற மாநில மதிப்பீட்டுக் குழுவின் மேஜைக்குப் போகும். "வேண்டாம்" என்று ஆயிரம் பேர் சொன்னாலும் குறிப்பில் ஒரு வரியாகத்தான் நிற்கும். "கம்பெனி கொடுத்த சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையில் இன்ன பக்கத்தில் இப்படி இருக்கிறது, எங்கள் கிணறு இன்ன சர்வே எண்ணில் இருக்கிறது, அது கணக்கில் இல்லை" என்றால் கம்பெனி அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இறுதி அறிக்கையில் அந்தப் பதில் இருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. 5 ஹெக்டேருக்குக் கீழான குவாரி தனியாக வந்தால் கருத்துக்கேட்பு கிடையாது. (2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சின்னக் குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே கட்டாயமானது.) 3 ஹெக்டேர்கூட இல்லாத குவாரிக்குக் கூட்டம் வைக்கிறார்கள் என்றால், 500 மீட்டருக்குள் இருக்கிற குவாரிகளையும் சேர்த்து 5 ஹெக்டேரைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அறிக்கையும் எல்லாவற்றையும் சேர்த்தே பேச வேண்டும். மூன்று குவாரியின் தூசி, மூன்றின் வெடி, மூன்றின் லாரி. புதுக் குவாரியின் கணக்கு மட்டும் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் கேளுங்கள்.

அப்புறம் தூரம். தமிழ்நாடு சிறு கனிம விதிகளில் 36-வது விதி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்கிறது. நம் மாவட்டத்தில் வீடுகள் தெருவாக அடுத்தடுத்து இருக்காது, விளைக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும். வெளியூரிலிருந்து வருகிற ஆலோசகர் "அருகிலுள்ள குடியிருப்பு" என்று ஜங்ஷனைக் காட்டிவிட்டுப் போய்விடுவார், நடுவில் இருக்கிற நாலு வீடு படத்திலேயே இருக்காது. கிராம வரைபடத்தை எடுத்து, குத்தகை எல்லைக் கல்லிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அளந்து, சர்வே எண்ணோடு எழுதுங்கள். குழியின் நடுவிலிருந்து அளந்தால் தூரம் கூடித் தெரியும், எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். ஊர் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் வருகிறதா என்று தாலுகா ஆபீசில் கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப நாளாக மனசில் கிடப்பது. காற்று, தண்ணீர் எல்லாம் மழை இல்லாத ஒரு பருவத்தில் அளந்தால் போதும் என்று விதித்திருக்கிறார்கள். சுரங்கங்களுக்கான பொது ஆய்வு வரையறையில் (அறிக்கைக்கு என்னென்ன ஆய்வு செய்ய வேண்டும் என்கிற பட்டியல்) அக்டோபர் முதல் டிசம்பர் வரை "மழைக்குப் பிந்தைய" காலம். நமக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழை! ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, ரெண்டிலும் ஓடை நிறைகிற மாவட்டம் இது. அக்டோபரில் அளந்தால் மழை தூசியை அடக்கியிருக்கும், காற்று சுத்தம் என்று வரும். மார்ச் முதல் மே வரை அளந்தால் மலையிலிருந்து இறங்குகிற ஓடை வறண்டு கிடக்கும், "நீரோடை ஏதும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். எந்த மாதம் அளந்தார்கள் என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் விட்டுப்போனதைச் சொல்லுங்கள். ஓடை எங்கே தொடங்கி எந்தச் சானலிலோ குளத்திலோ சேருகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

ரப்பர்விளை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அறிக்கை எங்கே கிடைக்கும்? இங்கிலீஷில் இருந்தால் யாருக்கும் புரியாதே. பக்கத்தில் ரொம்ப வருஷமாகக் கிடக்கிற பழைய குழியும் கணக்கில் வருமா?

நிலஅளவர்:

கலெக்டர் ஆபீசிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்க அறிக்கை தமிழில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அதையே எழுதிக் கொடுங்கள். பெரிய அறிக்கைக்குக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளை உட்கார வையுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம்.

பழைய குழி 3 வருஷத்துக்கு மேல் ஓடாமல் இருந்தால் பரப்பளவுக் கணக்கில் சேராது. ஆனால் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் அது இருக்க வேண்டும். வேலி உண்டா, பிள்ளைகள் குளிக்க இறங்குகிறார்களா, அதைக் கேளுங்கள்.

வெடி அதிர்வில் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருந்தால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். விரிசலின் குறுக்கே கையகலம் சிமெண்ட் சாந்து மெல்லியதாக அப்பி, ஈரத்திலேயே ஆணியால் தேதி எழுதி, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த வெடிக்குப் பிறகு சாந்தும் பிளந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்பதற்கு அது சாட்சி.

அருமனைக்காரன்:

20 நாள் விஷயம் தெளிவானது சார். லாரி பற்றியும் கேட்கலாமா? எங்கள் பக்கம் டாரஸ் லாரி எல்லாம் கேரளாவுக்குத்தான் போகிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ரோட்டில் பிள்ளைகளை நடக்க விட முடியவில்லை.

நிலஅளவர்:

கேட்க வேண்டும். அறிக்கையில் எந்த ரோடு, ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று இருக்கும். ஒரு வாரம் டீக்கடையில் உட்கார்ந்து லாரியை எண்ணி, நேரத்தோடு நோட்டில் எழுதி, அதோடு ஒப்பிட்டுக் கொடுங்கள்.

பேசுவதை எழுத்திலும் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்தாக வேண்டும். வாசிக்கும் வரை யாரும் கலைந்து போகாதீர்கள், விட்டுப்போனதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அனுமதி வந்தால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அங்கே இந்த நகலும் சீலும்தான் பேசும்.

புலப்படம் வாசிப்பதில் சந்தேகம் வந்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.