லைப்போசக்‌ஷன் செய்துகொண்டால் எத்தனை நாளில் பழையபடி வேலை பார்க்க முடியும்?

வியாசர்பாடி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். நடைப்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் எடை ஓரளவு குறைந்துவிட்ட போதிலும், அடிவயிற்றிலும் இடுப்பின் இரு பக்கங்களிலும் உள்ள சதை மட்டும் கரையவே இல்லை. அந்தக் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் சிகிச்சை பற்றி ஓர் அழகு சிகிச்சை மையத்தில் விசாரித்தபோது, காலையில் வந்தால் மாலையில் வீடு திரும்பிவிடலாம் என்றும், மூன்றாம் நாளே வேலைக்குப் போகலாம் என்றும், பத்து கிலோ வரை குறையும் என்றும் சொன்னார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் வற்புறுத்துகிறார்கள்.

நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. கீழே அடி பம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தில் மேலே கொண்டு வருவதும், பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலைக்கு மின்சார ரயிலில் நின்றபடி போய் வருவதும் என் அன்றாடம். வலி எப்படி இருக்கும், எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும், எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தண்டையார்பேட்டை தோழி:

நான் வயிற்றுக்கும் தொடைக்கும் செய்துகொண்டவள். முதலில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன் உடலுக்குள் செலுத்தும் திரவத்தில் ஒரு பகுதி, அன்று இரவும் மறுநாளும், குழாய் நுழைத்த சிறு துளைகளின் வழியாக இளஞ்சிவப்பு நிறத்தில் கசிந்துகொண்டே இருக்கும். படுக்கையில் ரப்பர் விரிப்பும் பழைய வேட்டிகளும் போட்டுவைத்தால், அந்த ஈரத்தைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் ரத்தப்போக்கு என்று பதறாமல் இருப்பார்கள்.

வலி என்பதைவிட, உடல் முழுவதும் அடி வாங்கியது போன்ற நோவு என்பேன். படுத்து எழுவதுதான் பெரும்பாடு. தரையில் உட்காருவதையும் இந்தியக் கழிப்பறையையும் சில நாட்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாது. தோல் கன்றிக் கருநீலமாகிப் பின் மஞ்சளாகும். அது மறைய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் எடை பார்த்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள், வீக்கத்தால் முன்பைவிட எடை கூடுதலாகவே காட்டலாம். வீக்கம் பெரும்பாலும் மூன்று மாதத்தில் வடிந்துவிடும். இறுதியான உருவம் தெரிய ஆறு மாதம் வரை ஆகலாம். அதுவரை தொட்டால் சில இடங்கள் மரத்தும், சில இடங்கள் உள்ளே கட்டிகட்டியாகவும் இருக்கும்.

சிகிச்சை முடிந்ததும் அந்த இடங்களின் மேல் இறுக்கமாக அணிய வேண்டிய அழுத்த உடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்லும் கணக்குப்படி நான்கு முதல் ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர அதை அணிந்தே இருக்க நேரும். நம் ஊர் வெயிலில், அதுவும் கத்திரி வெயில் காலத்தில், மடிப்புகளில் வேர்க்குரு வந்து தோல் உரிந்துவிடும். எனவே இரண்டு உடை வாங்கி, ஒன்றைத் துவைத்துக் காயப் போட்டு மற்றொன்றை அணியுங்கள். முதல்முறை அதைக் கழற்றும்போது தலை சுற்றி மயக்கம் வரலாம் என்பதால், கட்டிலில் உட்கார்ந்தபடி, அருகில் ஒருவரை வைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் வேலை என்பது, வீட்டிலேயே நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கு ஒருவேளை பொருந்தும். நெரிசலான ரயிலில் போக வேண்டிய உங்களுக்கு இரண்டு வாரமாவது விடுப்பு வேண்டும்.

ராயபுரம், பணி ஓய்வு பெற்ற செவிலியர்:

அன்பு மகளே, பத்து கிலோ என்று சொன்னவர்களிடம் முன்பணம் கட்டாதே. ஒரே தடவையில் வெளியே எடுப்பது, கொழுப்பும் திரவமும் சேர்த்து, 5 லிட்டரைத் தாண்டினாலே அது பெரிய அளவாகக் கருதப்படுகிறது. அப்படிப்பட்டவரை இரவு முழுவதும் மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். கொழுப்பு நீரைவிட எடை குறைந்தது என்பதால் அந்த 5 லிட்டர் 5 கிலோகூட ஆகாது. இது உடலின் வடிவத்தைத் திருத்தும் சிகிச்சை. சர்க்கரை நோய்க்கும் இது மருந்தாகாது. உடல் பருமன் மிக்க 15 பெண்களுக்குப் பெருமளவு கொழுப்பை உறிஞ்சி எடுத்த பிறகும் இன்சுலின் செயல்பாட்டில் முன்னேற்றம் இல்லை என்று 2004-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. குடலைச் சுற்றியுள்ள உட்கொழுப்பை இந்தக் குழாய் தொடுவதே இல்லை.

உறிஞ்சுவதற்கு முன் செலுத்தும் அந்தத் திரவத்தில் வலியை மரக்கச் செய்யும் லிடோகெயினும், ரத்தக் கசிவைக் குறைக்கும் எபிநெஃப்ரினும் கலந்திருக்கும். 1980-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் வகுத்த முறை இது. அதற்கு முன்பிருந்த முறைகளைவிட ரத்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் ரத்தத்தில் லிடோகெயின் அளவு உச்சத்தைத் தொடுவது, சிகிச்சை முடிந்து பல மணி நேரம் கழிந்த பின்னர்தான், அதாவது ஏறத்தாழ 12 மணி நேரத்தை ஒட்டி. மாலையில் வீட்டுக்கு அனுப்பினாலும் அன்றிரவு உன்னைத் தனியே விடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. அந்த மருந்தின் அளவு மிஞ்சியதற்கு அறிகுறியாக உதடு, நாக்கு மரத்துப்போதல், காதில் இரைச்சல், குழறிய பேச்சு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த நாட்களில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதே. காலில் ரத்தம் உறையாமல் இருக்க, அன்று மாலையே பிடித்துக்கொண்டு நடக்கப் பழக வேண்டும். ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை போன்றவற்றை உட்கொண்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடு.

உன் விஷயத்தில் எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு வயிறு முன்தள்ளி இருப்பது வெறும் கொழுப்பால்தான் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வயிற்றின் நடுத்தசைகள் விலகியிருக்கலாம், தளர்ந்த தோலாக இருக்கலாம், தழும்பின் அடியில் குடலிறக்கம்கூட இருக்கலாம். முதல் இரண்டும் கொழுப்பை உறிஞ்சுவதால் தீராது. தோல் மேலும் தொங்கிப்போகும். குடலிறக்கம் இருப்பது தெரியாமல் குழாயை நுழைத்தால் குடலில் துளை விழும் அபாயம் உண்டு. நம் ஸ்டான்லி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் காட்டி ஒரு கருத்துக் கேள். எங்கே செய்துகொண்டாலும், செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. படித்தவரா, மயக்கவியல் மருத்துவர் உடனிருப்பாரா என்று வாய்விட்டுக் கேள். கேட்பது உன் உரிமை.

கொளத்தூர் வாசகர்:

என் மனைவிக்குச் செய்தபோது அறிந்தது: அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது; கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு. அழுத்த உடை, பரிசோதனைகள், மருந்து, பிற்பாடு சரிசெய்ய நேர்ந்தால் அதற்கான செலவு ஆகியவை சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் அடிப்பதையும் குடம் தூக்குவதையும் நான்கு முதல் ஆறு வாரம் வரை நானே பார்த்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் அதற்கு ஓர் ஆளை முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள், சகோதரி.

வியாசர்பாடி வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இருமும்போது தழும்புக்கு அருகில் சிறிய புடைப்பு ஒன்று தெரிவதுண்டு, அம்மா. அதைக் கொழுப்பு என்றே நினைத்திருந்தேன். திங்கட்கிழமை ஸ்டான்லிக்குப் போகிறேன். எல்லாம் சரியாக இருந்தால், வெயில் தணிந்த பிறகு, பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா?

ராயபுரம், பணி ஓய்வு பெற்ற செவிலியர்:

மார்கழிக் குளிரில் அந்த உடையைத் தாங்குவது எளிது, விடுமுறையும் வசதிதான். ஆனால் அந்தப் புடைப்பை நின்றபடி இருமிக் காட்டி, ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே தேதி குறி. குடலிறக்கம் என்று வந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை. அதற்குக் காப்பீடும் கைகொடுக்க வாய்ப்புண்டு. சிசேரியன் செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டுகள் இரண்டையும் மறக்காமல் எடுத்துப் போ.