பி5 மாட்யூல்: கடை முகப்புக்கு 1/8 ஸ்கேனா, 1/16 ஸ்கேனா?

கேள்வி: கடை முகப்பு எல்இடி திரைக்கு 64×32 பிக்சல் பி5 மாட்யூல் (புள்ளிகளுக்கு இடையே 5 மி.மீ. உள்ள எல்இடி பலகை). 1/16 விலை குறைவு. வெயில் படும் முகப்புக்குத் தாங்குமா? கையிருப்பில் உள்ள 1/8 மாட்யூல்களோடு கலந்து மாட்டலாமா?

பேனல்கை: வெயிலுக்கு 1/8 தான். ஸ்கேன் என்பது மொத்த 32 வரிசையில் ஒரு நேரத்தில் எரியும் பங்கு. 1/16-ல் ஒரு நேரத்தில் 2 வரிசைதான் எரியும், 1/8-ல் 4. ஒவ்வொரு எல்இடியும் எரியும் நேரம் இரட்டிப்பாவதால் வெளிச்சமும் அதற்கேற்பக் கூடும், மின்சாரமும் அப்படியே. பவர் சப்ளையை அதைக் கணக்கில் வைத்து வாங்குங்க. 1/16 வீட்டுக்குள், மண்டபத்துக்குள் போதும். அதற்கு வாட்டர்ப்ரூஃபும் பெரும்பாலும் இருக்காது, அதை மறந்துடாதீங்க.

ஸ்கேன்வரி: லேபிளில் 8எஸ், 16எஸ் என்று இருக்கும். கிழிந்திருந்தால் பின்னால் 16 சேனல் டிரைவர் ஐசிகளை (எல்இடிகளை எரிய வைக்கும் சிப்கள்) எண்ணுங்க. 64×32×3 (சிவப்பு, பச்சை, நீலம்) = 6144 புள்ளி; அதை ஐசி எண்ணிக்கை×16-ஆல் வகுத்தால் ஸ்கேன் வரும். 24 ஐசி என்றால் 1/16, 48 என்றால் 1/8. வரிசை டிகோடர், பஃபர் போன்ற மற்ற சிப்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு தப்பும்.

பேனல்கை: ஒரே ரிசீவிங் கார்டில் (படத்தை வாங்கி மாட்யூல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கார்டு) இரண்டையும் கலக்காதீங்க. கார்டுக்கு ஒரு ஸ்கேன் அமைப்புதான்; மற்ற மாட்யூலில் படம் துண்டு துண்டாகவோ வரிசை இடம் மாறியோ வரும். பலரும் இதை கேபிள் கோளாறு என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். கார்டை அமைக்கும் நோவாஎல்சிடி (NovaLCT) மென்பொருளில் ஸ்மார்ட் செட்டிங் ஓட்டி, எரியும் புள்ளியை வரிசையாகச் சொடுக்குங்க. கார்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது, சேவ் கொடுக்கணும். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

ஸ்கேன்வரி: கேமரா முன் வைப்பதாக இருந்தால் ரிஃப்ரெஷையும் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) கேளுங்க. 1920 ஹெர்ட்ஸில் சில ஷட்டர் வேகங்களில் கறுப்புப் பட்டை ஓடும், 3840 நல்லது.