லூ ஓட்டன்ஸும் பி சைடின் கடைசிப் பாட்டும்

திண்டுக்கல்_77:
கேசட்டைக் கொண்டுவந்த ஹாலந்துக்காரர் லூ ஓட்டன்ஸ் 2021 மார்ச்சில் தன் 94-வது வயதில் போய்ச் சேர்ந்தபோதே இதை எழுத நினைத்தேன். தள்ளிக்கொண்டே போய்விட்டது.

1992. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் சென்டர். கையில் ஒரு 60 நிமிஷ எம்ப்டி கேசட், நோட்டுப் பேப்பரில் பன்னிரண்டு பாட்டு. யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடை அண்ணன் லிஸ்ட்டை மேலிருந்து கீழே படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், மறுபடி லிஸ்ட்டைப் பார்த்தார். அப்புறம் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கடைசிப் பாட்டை அடித்தார். "தம்பி, இது ஆறரை நிமிஷம். சைடுக்கு முப்பதுதான். பாதியில அறுந்துடும். நாலு நிமிஷத்துல வேற ஒண்ணு போட்டுடறேன்."

சரி என்றேன். வீட்டில் டேப் இல்லாததால் போட்டுக் கேட்காமலே கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவள் கேட்டாள், "எல்லாம் சரி, கடைசியில எதுக்கு அந்தச் சோகப் பாட்டு?" வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கதை மாறியிருக்கும். நான் உண்மையைச் சொன்னேன்: "அது கடைக்கார அண்ணன் போட்டது." சிரித்தாள். "அப்ப மத்தது?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது.

அந்த "அப்ப மத்தது?" இன்னும் காதில் இருக்கிறது. உங்களுடையதையும் எழுதுங்கள்.

காதுல_ஹெட்போன்:
எல்லாரும் ஹாலந்துக்காரருக்கே மாலை போடுகிறீர்கள். பாட்டைத் தனியாகக் கேட்க வைத்தது 1979-ல் சோனி விட்ட வாக்மேன், அந்தக் கையடக்க டேப்தான். கேசட் வெறும் டப்பா.

என் கதை: சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த வாக்மேன், சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி பஸ். விழுப்புரம் தாண்டியதும் யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர். ஹெட்போனைக் கழற்றினேன். "தம்பி, நீங்க பாடறீங்க." மொத்த பஸ்ஸும் முழித்துக்கொண்டு என்னையே பார்த்தது. எத்தனை பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தேன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரெக்கார்டிங்_அண்ணாச்சி:
பதினாறு வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

என் கடை கேசட் என்றால் கணீரென்று இருக்கும் என ஊரில் பேர். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள். நான் பதிகிற டேப் டெக்கில் டால்பி என்று ஒரு பட்டன், அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் நல்லது என்று எப்போதும் அமுக்கியே வைத்திருந்தேன். டேப்பில் வரும் 'உஸ்' சத்தத்தைக் குறைக்க ரே டால்பி கண்டுபிடித்தது அது. பதிவாகும்போது மெல்லிய உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதியும். கேட்கும்போது அதே அளவுக்கு இறக்கும், கூடவே உஸ்ஸும் இறங்கும். கேட்கிற செட்டிலும் டால்பி இருந்தால்தான் கணக்கு சரியாகும். என் வாடிக்கையாளர் வீட்டு டூ இன் ஒன்னில், அதாவது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டியில், ஏது டால்பி? தூக்கினது தூக்கினபடியே நின்றது. அதைத்தான் ஊர் 'கணீர்' என்றது.

கடையை மூடி நாலு வருஷம் கழித்து ஒரு எஞ்சினியர் சொல்லித்தான் எனக்கே தெரியும். என் கைராசி என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் அவர் சொன்னார்: அந்த டால்பி, லண்டனில் கம்பெனி ஆரம்பிப்பதற்கு முன்னால் யுனெஸ்கோ ஆலோசகராக இரண்டு வருஷம் நம் சண்டிகரில் இருந்தாராம். தெரிந்திருந்தால் ஒரு கார்டு போட்டுச் சந்தேகம் கேட்டிருக்கலாம்.

கொக்குவில்_பெடியன்:
தொண்ணூறுகளின் முதற்பாதி, யாழ்ப்பாணம். கரண்ட் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வயர் எடுத்து, டயோட் போட்டு ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருத்தர் கையால் பெடலைச் சுத்த வேண்டும். மற்றவர்கள் கேட்கலாம்.

சுத்துகிறவருக்குக் கை களைத்தால் பாடகியின் குரல் இறங்கும். இன்னும் களைத்தால் ஆம்பிளைக் குரலாகி, அப்புறம் மாடு கத்துவது போல இழுக்கும். அம்மம்மா உள்ளேயிருந்து "அவளுக்கு நித்திரை வருது போல" என்பா. எல்லோரும் சிரிப்போம். உடனே குரல் திடுக்கென்று ஏறும்.

சுத்தினது அண்ணா. எனக்கும் அவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். "பாட்டு முடியட்டும், நான் வாறன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். முடிந்ததும் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். அவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். போன கிழமைகூடக் கதைத்தேன். இதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

ஸ்க்ரூடிரைவர்:
மேலே "கேசட் வெறும் டப்பா" என்றவருக்கு: உங்கள் வாக்மேனுக்குள் என்ன ஓடியது, புட்டா? அதற்கு முன்னால் ரீல் டேப்பை விரலால் கோத்து மாட்ட வேண்டும், வீட்டில் ஒருத்தருக்குத்தான் அது கைவரும். அந்த ரீலோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போன ஓட்டன்ஸ், பெல்ஜியத்தில் ஹாசெல்ட் ஊர் பிலிப்ஸ் ஆலையில் இருந்தபோது, தன் கோட்டுப் பைக்குள் போகிற அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்துவைத்தார். இதற்கு மேல் பெரிதாகக் கூடாது என்பதுதான் அளவுகோல். கேசட் 1963-ல் பெர்லின் கண்காட்சிக்கு வந்தது. பிறகு சோனி உட்பட மற்றவர்களும் அதே அளவில் செய்ய பிலிப்ஸ் காசு வாங்காமல் உரிமம் கொடுத்தது. அதனால்தான் திருச்சியில் பதிந்தது டோக்கியோ பெட்டியில் ஓடியது. அந்த மரக்கட்டை என்ன ஆனது தெரியுமா? கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு அண்டைகொடுத்தார், அங்கேயே போயிற்று. மனிதர் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை. சிடி வேலையிலும் இருந்தார், ஒலிக்கு அதுதான் மேல் என்றே கடைசிவரை சொன்னார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பரணிலிருந்து இறக்கிய கேசட்டை அப்படியே செட்டில் போடாதீர்கள். பென்சிலை விட்டு நாலு சுற்று சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் நாடா ஒட்டியிருக்கும். நாடாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். விழுந்திருந்தால் சத்தம் மங்கும், செத்த கேசட் ஒன்றிலிருந்து எடுத்து மாட்டலாம். மெடிக்கலில் ஐசோப்ரொபைல் ஸ்பிரிட் வாங்கி, செட்டில் நாடா உரசிப் போகிற ஹெட்டைத் துடையுங்கள். பக்கத்து ரப்பர் உருளையையும் பாருங்கள், நாடாவைத் தின்பது அதுதான், ஹெட் இல்லை. பிசுபிசுவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் ஹெட் பக்கத்துத் திருகாணியை, பாட்டு ஓடும்போதே, இம்மி இம்மியாகத் திருப்புங்கள். 'ஸ்' 'ச்' எல்லாம் தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். 60 நிமிஷக் கேசட் நாடாவின் தடிமன் 18 மைக்ரான், 90 என்றால் 12, 120 என்றால் 9 தான், சுலபமாக அறுந்துவிடும். 120-ஐ நிறுத்தி நிறுத்தி ரீவைண்ட் செய்யாதீர்கள், ஒரே ஓட்டமாகப் பதிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் முதலில் ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைல், சுருக்குகிற எம்பி3 எல்லாம் அப்புறம்.

முக்கியமானது: கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அப்பா மஸ்கட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டில் அது உடையாமல் இருந்தது. 1989-ல் நான் அதில் கிரிக்கெட் கமெண்ட்ரி பிடித்தேன்.

காதுல_ஹெட்போன்:
ஸ்க்ரூடிரைவர் சார், ஸ்கோர் என்ன?
(மன்னிக்கணும். டப்பா என்றதை வாபஸ் வாங்குகிறேன்.)

திண்டுக்கல்_77:
அண்ணாச்சி, ஒன்று கேட்கணும். உங்கள் கடை எந்த ஊர்? பஸ் ஸ்டாண்டு பக்கமா?

ரெக்கார்டிங்_அண்ணாச்சி:
திண்டுக்கல் இல்லை தம்பி, பயப்படாதீங்க. ஆனா நானும் நிறைய லிஸ்ட்ல கடைசிப் பாட்டை மாத்தியிருக்கேன். எல்லாம் நிமிஷத்துக்காக மட்டும் இல்லை. சில பசங்க பன்னிரண்டும் ஒரே மாதிரி எழுதிட்டு வருவாங்க, கேக்கறவங்களுக்குச் சலிச்சுடும். அந்தப் பொண்ணு அந்தப் பாட்டு வரைக்கும் கேட்டிருக்கே, அதைப் பாருங்க.